நாரைவீரன் உட்கார்ந்திருக்கிறான்

"பறக்கிறதுன்னா என்ன? அதை முதல்ல சொல்லுங்க, மெல்வின்."

"ரெண்டு காலும் ஒரே நேரத்துல தரையில இல்லாட்டி, அது பறக்கிறது."

"அப்போ குதிச்சா?"

"குதிச்சாலும் அதேதான்."

"படியில தடுக்கி விழுந்தா?"

"விழும்போது கால் எங்க இருக்கும்னு நீங்களே சொல்லுங்க, வெர்னா."

"சரி, ஓடினா? ஓடுறதைப் பறக்கிறதுன்னு சொல்ல மாட்டீங்களே."

மெல்வின் ஸ்ட்ராட் கண்ணாடியைக் கழற்றி, டையின் நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு கைப்பேசியில் ஓட்டப்பந்தய வீரன் ஒருவனின் படத்தைத் தேடி எடுத்து வெர்னாவின் மூக்குக்கு நேரே நீட்டினார். வீரனின் இரண்டு கால்களும் காற்றில் இருந்தன.

"ஓடுறவன் ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் பறக்கிறான்," என்றார். "அந்தக் கொஞ்சம் எங்களோடது."

இந்தப் பேச்சு நடந்த இடம் பர்பாங்க்கில் ஒரு படப்பிடிப்புக் கொட்டகை. வெளியே வெயில் கார்களின் கூரைகளை வறுத்துக்கொண்டிருந்தது. உள்ளே சாம்பல் நிற இறகு உடையும் நீண்ட அலகு முகமூடியும் அணிந்த வேட் என்ற நடிகன், அலகை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டு பரிட்டோ தின்றுகொண்டிருந்தான். அவன்தான் நாரைவீரன். அவன் ஓடலாமா கூடாதா என்பது தெரியாமல் காலையிலிருந்து ஒரு காட்சியும் எடுக்கவில்லை.

வெர்னா பெல்கி மெரிடேல் பிக்சர்ஸின் உரிமைப் பிரிவில் வேலை பார்ப்பவள். மெல்வின் அதே வேலையைப் பிரான்னக் ஸ்டுடியோவில் பார்ப்பவர். இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து ஒரு படம் எடுக்கின்றன. மெரிடேலின் நாரைவீரனும் பிரான்னக்கின் உப்புமங்கையும் முதல் முறையாக ஒரே திரையில் சந்திக்கப் போகிறார்கள். சம்பந்தி வீட்டார் இருவரும் தத்தம் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு காவல் போட்டிருந்தார்கள். கேமராவுக்கு முன்னால் வருகிற எதுவும் இந்த இரண்டு பேரின் சம்மதம் இல்லாமல் வரக்கூடாது.

சிக்கல் பழையது. இந்த இரண்டு வீரர்களையும் படைத்தது கிளீவ்லாந்தில் உள்ள ஆல்பிரெக்ட் என்ற சிறிய காமிக்ஸ் கம்பெனி. கஷ்ட காலத்தில் அவர்கள் நாரைவீரனை ஆட்டுக்கறி போல விற்றுவிட்டார்கள். தொடை ஒருவருக்கு, ஈரல் ஒருவருக்கு. பெயரும் உடையும் மெரிடேலுக்குப் போயின. பறப்பது பிரான்னக்குக்குப் போனது. அலகு ஒரு பொம்மைக் கம்பெனியிடம் இருந்தது. எல்லோரிடமும் ஒவ்வொரு துண்டு இருந்தது. முழு நாரை யாரிடமும் இல்லை.

"உங்க படத்துலதானே பறக்கப் போறான்? உங்களுக்கும் பங்கு இருக்குல்ல?" என்று கேட்டாள் வெர்னா.

"இன்னைக்கு பறக்கவிட்டா, நாளைக்கு உங்க சொந்தப் படத்துலயும் பறக்கவிட்டு, அன்னைக்கே சம்மதிச்சீங்களேம்பீங்க. மெரிடேலை எனக்குத் தெரியாதா?"

மெரிடேல் அப்படிச் செய்யக்கூடியதுதான். அதனால் வெர்னாவுக்கு அவர்மேல் இன்னும் கோபம் வந்தது.

"நடக்கலாமா?" என்று தூரத்திலிருந்து கேட்டார் இயக்குநர் டெவ்லின். கான்வாஸ் நாற்காலியில் சாய்ந்து, செய்தித்தாளில் குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நடக்கலாம்," என்றார் மெல்வின்.

"அருமை. நடக்கட்டும்."

அந்த 'அருமை' வெர்னாவை உறுத்தியது. சண்டைக் காட்சிக்காக ஓடி வர வேண்டிய வீரன், காய்கறி வாங்கப் போகிறவன் மாதிரி நடந்து வரப் போகிறான். ஓர் இயக்குநர் இதற்கு முடியைப் பிய்த்துக்கொள்ள வேண்டாமா? இவர் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறார்?

அவளுக்குப் புரிந்துவிட்டது, அல்லது புரிந்ததாக நினைத்தாள். ஒப்பந்தப்படி, இரண்டு வீரர்களும் சேர்ந்து வரும் படத்தின் படப்பிடிப்பு இந்த மாதத்துக்குள் ஆரம்பித்து, ஒரு வாரமாவது தடங்கல் இல்லாமல் நடக்க வேண்டும். இல்லாவிட்டால் இருவரும் ஆல்பிரெக்ட் காமிக்ஸுக்கே திரும்பிப் போய்விடுவார்கள். பிரான்னக்கின் திட்டம் இதுதான்: எதையாவது சொல்லிப் படப்பிடிப்பை நிறுத்துவது, தேதியைத் தாண்டவிடுவது, பிறகு பின்வாசல் வழியாகக் கிளீவ்லாந்துக்குப் போய் நாரையை முழுசாக வாங்குவது. இயக்குநர் அவர்கள் ஆள். மெல்வினின் கண்ணாடித் துடைப்புகூடத் திட்டமிட்டதுதான். ஒரு மனிதன் காலையில் அத்தனை தடவை கண்ணாடி துடைப்பானா?

ஆகவே வெர்னா ஒரு முடிவுக்கு வந்தாள். என்ன ஆனாலும் படப்பிடிப்பு நிற்கக்கூடாது. எதை விட்டுக்கொடுத்தாவது அடுத்த காட்சி எடுக்கப்பட வேண்டும்.

அவளுக்கு இதில் கம்பெனி விசுவாசம் மட்டும் இல்லை.

ஊரில் பாதிப்பேர் சினிமாவில் வேலை பார்க்கும் பர்பாங்க்கில் படம் முடிந்து விளக்கு போட்டாலும் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். கடைசிப் பெயர் ஓடி முடியும்வரை உட்கார்ந்திருப்பார்கள். தெரிந்த பெயர் வந்ததும் அந்த வரிசை மட்டும் கைதட்டும். வெர்னாவின் அக்கா நாடின் ஒப்பனைக்காரி. அவள் பெயர் பலமுறை வந்திருக்கிறது. அக்கா வீட்டுக்காரர் டுவைட் செட் போடும் தச்சர். அவர் பெயரும் வந்திருக்கிறது. அவர்கள் வீட்டு நாய் ஒரு படத்தில் தெருவைக் கடந்தது. அதன் பெயரும் வந்தது. 'பிஸ்கட்டாக – பிஸ்கட்.' வெர்னா அதற்கும் கைதட்டினாள்.

உரிமைப் பிரிவு ஆட்களின் பெயர் எந்தப் படத்திலும் வராது. போன நன்றி நாள் விருந்தில் வான்கோழியை வெட்டிக்கொண்டே டுவைட், "கவலைப்படாதே வெர்னா, பிஸ்கட்டுக்கு அடுத்து நீதான்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பிஸ்கட்கூட மேஜைக்கடியிலிருந்து தலையை நீட்டிப் பார்த்தது.

இந்த முறை அவளுடைய மேலாளர் லொரெய்ன் வாக்குக் கொடுத்திருந்தாள். "வாரம் முழுக்கத் தடங்கல் இல்லாம நடத்திக் காட்டு. 'நாரைவீரன் உரிமைகள்: வெர்னா பெல்கி.' தனி வரி, நான் பார்த்துக்கறேன்."

தனி வரி. நாய்க்குக்கூடத் தனி வரி கிடைக்கவில்லை. அதன் பக்கத்தில் இரண்டு புறாக்கள் இருந்தன.

வேட் பரிட்டோவை முடித்து, அலகை இறக்கிவிட்டு, நடக்கத் தயாரானான். கேமரா உதவியாளர் கிராசியேலா கிளாப் பலகையுடன் முன்னால் வந்து நின்றாள். ஐம்பதைத் தாண்டிய பெண். இடுப்பில் நாலைந்து பைகள் தொங்கும். பேசும்போது சூரியகாந்தி விதைகளை மென்றுகொண்டே பேசுவாள். புகைப்படக்காரர் அந்தப் பலகையை, அதில் எழுதியிருந்த தேதி நன்றாகத் தெரியும்படி, பல கோணங்களில் படம் எடுத்தார். வேட்டை ஒரே ஒரு படம் எடுத்தார். அதிலும் வேட்டின் கண் மூடியிருந்தது.

"நிறுத்துங்க," என்றாள் வெர்னா.

எல்லோரும் திரும்பினார்கள். அவளுக்கே தன்மேல் எரிச்சல் வந்தது. ஆனால் நினைவுக்கு வந்துவிட்டது. மெரிடேல் ஒரு காலத்தில், நாரைவீரன் ஒற்றைக்காலில் நிற்பதை மட்டும் பிரித்து, குழந்தைகளுக்குக் கார்ட்டூன் தயாரிக்கும் ஒரு கம்பெனிக்குக் கொடுத்திருந்தது.

"நடக்கும்போது ஒரு கால் தரையில இருக்கும், இன்னொரு கால் மேல இருக்கும்," என்றாள். "படத்தை அந்த இடத்துல யாராவது நிறுத்திப் பார்த்தா, அவன் ஒத்தைக்கால்ல நிக்கிறான்."

மெல்வின் முதல் முறையாக அவளை மரியாதையோடு பார்த்தார்.

"ரெண்டு காலும் மேல இருக்கக்கூடாது. ஒரு கால் மட்டும் மேல இருக்கக்கூடாது," என்று சுருக்கமாகச் சொன்னார் டெவ்லின். "அப்போ அவன் உட்காரட்டும். ஒரு பெஞ்சு கொண்டு வாங்க. அருமை."

நாரைவீரன் உட்கார்ந்தான்.

மறுநாள் உப்புமங்கை வந்தாள். இமோஜன் என்ற நடிகை. உடம்பெல்லாம் வெள்ளை வெள்ளையாக மின்னும் உடை. உப்புமங்கையின் சக்தி, தண்ணீரில் கரைந்து போய் வேறோர் இடத்தில் மறுபடி உருவாவது. காட்சி கடற்கரை மரப்பாலத்தில் நடப்பதாக இருந்தது. பெஞ்சுக்குப் பின்னால் கடல் வரைந்த பெரிய திரை.

வெர்னா இரவெல்லாம் யோசித்துவிட்டு வந்திருந்தாள். தன் நாரையை ஓடவிடாத மெல்வினை அவள் சும்மா விடுவதாக இல்லை.

"கரையறது உங்ககிட்ட இல்லையே, மெல்வின்? புளோரிடாவுல ஒரு கேளிக்கைப் பூங்காவுல சறுக்கு ராட்டினத்துக்குக் கொடுத்துட்டீங்கல்ல?"

மெல்வினின் முகம் மாறியது. "அவ கரையப் போறதில்லை. சும்மா உட்காரப் போறா."

"பின்னாடி கடல் இருக்கு. உப்புமங்கை பக்கத்துல கடல் இருந்தா, பார்க்கிறவன் என்ன நினைப்பான்? இப்ப கரையப் போறான்னு நினைப்பான். அந்த நினைப்பு யாரோடது?"

மெல்வின் கண்ணாடியைத் துடைத்தார். "கடலை எடுத்துடுங்க," என்றார்.

கடல் சுருட்டப்பட்டது. அதன் பின்னால் கொட்டகையின் வெறும் சுவர் இருந்தது.

"சுவர் அருமை," என்றார் டெவ்லின்.

இமோஜன் கையில் காப்பிக் கோப்பையுடன் உட்கார்ந்தாள். வெர்னா அதைப் பார்த்தாள். மெல்வின் வெர்னா பார்ப்பதைப் பார்த்தார். "காப்பியும் ஈரம்தான்," என்று அவரே போய்க் கோப்பையை வாங்கி, குப்பைத் தொட்டியில் ஊற்றி, காலிக் கோப்பையைத் திருப்பிக் கொடுத்தார்.

"எனக்குத் தாகம் எடுத்தா?" என்றாள் இமோஜன்.

"கொட்டகைக்கு வெளியே போய்க் குடிங்க. கேமரா உங்களைப் பார்க்காத இடத்துல."

"கேமரா எங்கயும் பார்க்காது, போய் நல்லாக் குடி," என்றாள் கிராசியேலா, விதைத் தோலைத் துப்பிவிட்டு. யாரும் சிரிக்கவில்லை.

எடுத்தார்கள். டெவ்லின் ஒரே தடவையில், "அருமை, அடுத்தது," என்றார். எடுத்ததை அவர் திரும்பப் போட்டுப் பார்ப்பதே இல்லை. வெர்னா இதைக் கவனித்து, கார் நிறுத்துமிடத்துக்குப் போய் லொரெய்னுக்குப் போன் செய்தாள்.

"அந்த ஆள் எதையும் திருப்பிப் பார்க்கிறதில்லை, லொரெய்ன். நாரையோட உடை பின்பக்கம் முழுக்க ஊக்கு குத்தியிருக்கு. கேட்டா, பின்பக்கம் தெரியாதுங்கறாங்க. நாளைக்கு கம்ப்யூட்டர்ல வேற உடை மாத்தி, அது பிரான்னக்கோட உடைன்னு சொல்லப் போறாங்க. எனக்கு நிச்சயமாத் தெரியும்."

"நீ சந்தேகப்படுறியா?"

"ஆமா."

"ரொம்ப நல்லது. சந்தேகப்பட்டுக்கிட்டே இரு. ஆனா நிறுத்திடாதே."

"படத்தை யார் வெட்டி ஒட்டப் போறாங்கன்னு கேட்டேன். யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க."

"வெர்னா, தனி வரி. ஞாபகம் வெச்சுக்கோ."

போன் வைக்கப்பட்டது. வெர்னா திரும்பும்போது, கேமரா வண்டியின் நிழலில் மெல்வின் நின்று யாரிடமோ போனில் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தி, "சரிம்மா, ரொட்டி வாங்கிட்டு வரேன்," என்று சத்தமாகச் சொன்னார். மெல்வினுக்குக் கல்யாணம் ஆகவில்லை. அம்மா ஓஹாயோவில் இருந்தாள்.

அவளுக்கு அடுத்த பயம் வந்தது. நேரே கிராசியேலாவிடம் போனாள். எடுத்த காட்சிகள் பதிவாகும் சிறிய கார்டுகள் எல்லாம் கிராசியேலாவின் பொறுப்பில்தான் இருந்தன.

"கார்டெல்லாம் பத்திரமா இருக்கா? பிரான்னக் ஆளுங்க யாராவது எடுத்துட்டுப் போயிட்டா?"

கிராசியேலா மெல்லுவதை நிறுத்தினாள். வெர்னாவை மேலும் கீழும் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்து, டெவ்லின் பக்கம் பார்த்துவிட்டு, வேறு ஏதோ சொன்னாள்.

"இந்தக் கொட்டகையில இருந்து எடுத்த கார்டு ஒண்ணுகூட வெளியே போகாது தாயே. சத்தியமாச் சொல்றேன். நிம்மதியா வீட்டுக்குப் போய் தூங்குங்க."

வெர்னா அன்றைக்குத்தான் ஒரே ஒரு ஆளை நம்பினாள்.

வாரத்தின் நடுவில் கிளீவ்லாந்திலிருந்து மிசஸ் ஆல்பிரெக்ட் வந்தார். காமிக்ஸ் கம்பெனியின் இன்றைய சொந்தக்காரி. கறுப்புக் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கொட்டகையின் ஓரத்தில் போட்ட நாற்காலியில், வாடகை வராத வீட்டைப் பார்க்க வந்த வீட்டுக்காரி மாதிரி எல்லாவற்றையும் கண்ணால் தடவிக்கொண்டிருந்தார். வீரர்கள் தன்னிடமே திரும்பி வருவார்களா என்று பார்க்கத்தான் அவர் வந்திருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். டெவ்லின் அன்று செய்தித்தாளை ஒளித்துவைத்துவிட்டார்.

சரியாக அப்போதுதான் அலகுச் சண்டை வந்தது.

"முகமூடியோட அலகு பொம்மைக் கம்பெனிக்காரங்களோடது," என்றார் மெல்வின். "நேரா பார்த்தாப் பரவாயில்லை, அலகு நீளம் தெரியாது. பக்கவாட்டுல தெரியக்கூடாது."

"அவன் பக்கத்துல உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்துப் பேசணும். பேசணும்னா திரும்பணும். திரும்பினா பக்கவாட்டு."

"அப்போ திரும்பாமப் பேசட்டும்."

"கண்டக்டர்கிட்ட டிக்கெட் கேக்கிற மாதிரியா?"

"நீங்க அலகை வெச்சுக்கிட்டு எங்களை மாட்டிவிடப் பார்க்கிறீங்க, வெர்னா. பொம்மைக் கம்பெனி வழக்குப் போட்டா படப்பிடிப்பு நிக்கும். அதுதானே உங்க திட்டம்? நின்னதும் கிளீவ்லாந்துக்குப் போய் எங்க உப்பை அள்ளிக்கிட்டு வரலாம்."

"என் திட்டமா? நிறுத்தப் பார்க்கிறது நீங்க. முதல் நாளே ஓடக்கூடாதுன்னது யாரு?"

"நடக்கக்கூடாதுன்னது யாரு?"

"காப்பியைக் கொட்டினது யாரு?"

"கடலைச் சுருட்டினது யாரு?"

இரண்டு பேரும் பெஞ்சுக்கு இருபுறமும் நின்று கத்தினார்கள். நடுவில் உட்கார்ந்திருந்த வேட்டும் இமோஜனும் தலையைக் குனிந்துகொண்டார்கள். கடைசியில் வெர்னா போய், வேட்டின் தலையிலிருந்து முகமூடியைக் கழற்றித் தன் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாள். "இந்தாங்க. அலகே வேண்டாம். எடுங்க காட்சியை. நிறுத்தாதீங்க."

மிசஸ் ஆல்பிரெக்ட் பெருமூச்சு விட்டு எழுந்தார். கைப்பையின் வாயை மூடினார்.

"நீங்க ஒப்புக்கு ஏதோ எடுக்கறீங்கன்னு எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது," என்றார் டெவ்லினிடம். "ஆனா இவங்க இப்படி அடிச்சுக்கிறதைப் பார்த்தா, நிஜமாவே படம்தான் எடுக்கறீங்க. நான் வரேன்."

அவர் வாசலைத் தாண்டியதும் டெவ்லின் செய்தித்தாளை எடுத்தார். சற்று நேரத்தில் லொரெய்னிடமிருந்து வெர்னாவுக்கு ஒரு பூங்கொத்து வந்தது. மெல்வினுக்கும் பிரான்னக்கிலிருந்து ஒன்று வந்தது. இரண்டும் ஒரே கடையின் பூக்கள், ஒரே நிற ரிப்பன். வெர்னா அதைக் கவனித்து, பூக்காரனையும் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பெயர் போனது. உப்புமங்கையின் வாயால் 'நாரைவீரன்' என்று சொன்னால், அந்தப் பெயரில் பிரான்னக்குக்குப் பங்கு வந்துவிடும் என்று வெர்னா பயந்தாள். நாரைவீரன் வாயால் 'உப்புமங்கை' என்று வரக்கூடாது என்று மெல்வின் பதிலுக்குச் சொன்னார். அந்தக் காலத்துப் புருஷன் பெண்டாட்டி மாதிரி இரண்டு வீரர்களும் ஒருவரையொருவர் பெயர் சொல்லாமல் கூப்பிட்டுக்கொண்டார்கள். பெயர் போனதும், பெயரைச் சுற்றி எழுதியிருந்த வசனங்களும் போயின. நகரத்தின் பெயர், வில்லனின் பெயர், நாரைவீரனின் இறந்துபோன தம்பி, உப்புமங்கையின் அப்பா வேலை பார்த்த சுரங்கம், எல்லாவற்றுக்கும் எங்கோ ஒரு சொந்தக்காரர் இருந்தார். வெர்னா ஒரு பக்கம் அடித்தாள். மெல்வின் மறுபக்கம் அடித்தார். சாயங்காலம் பார்த்தால் காட்சியில் ஒரு வார்த்தை மிச்சமில்லை.

"அருமை," என்றார் டெவ்லின். குரலில் கொஞ்சம் களைப்பு தெரிந்தது.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று பொழுது சாயும்வரை படப்பிடிப்பு நடந்துவிட்டால் தேதிச் சிக்கல் தீர்ந்தது. நாரை மெரிடேலிடமே இருக்கும். தனி வரி வரும். வெர்னா நாடினுக்குக் காலையிலேயே செய்தி அனுப்பியிருந்தாள்: "படம் வரும்போது எல்லோரும் வர வேண்டும். பிஸ்கட்டையும் கூட்டி வாருங்கள்."

கொட்டகையில் ஒரு வெறும் சுவர் இருந்தது. அதற்கு முன்னால் ஒரு பெஞ்சு. பெஞ்சில் அலகில்லாத ஒரு நடுத்தர வயது மனிதன், பின்னால் ஊக்கு குத்திய இறகுச் சட்டையில். பக்கத்தில் காலிக் கோப்பையுடன் ஒரு பெண்.

"என்ன பேசணும்?" என்றான் வேட்.

வெர்னாவும் மெல்வினும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருக்கும் சொந்தமில்லாத எதையாவது பேசுங்க," என்றாள் வெர்னா கடைசியில்.

கிராசியேலா பலகையைத் தட்டினாள். புகைப்படக்காரர் பலகையைப் படம் எடுத்துவிட்டுப் போனார்.

வேட் தன் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தான். வாரம் முழுவதும் அவற்றைத் தரையிலிருந்து எடுக்காமல் பழகிவிட்டதால், அவை அசையாமல் கிடந்தன.

"கால் வலிக்குதா?" என்றாள் இமோஜன்.

"இல்ல. மரத்துப் போச்சு." முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னான்: "முன்னாடி எனக்கு ஒண்ணு தெரியும். காலையில எழுந்ததும் அதைச் செய்வேன். என்னன்னு உன்கிட்ட சொல்லக்கூடாது."

"சொல்லாதே. எனக்கும் ஒண்ணு தெரியும்."

"இப்ப செய்ய முடியாதா?"

"முடியும். ஆனா செஞ்சா திரும்பி இதே ஆளா வருவேனான்னு தெரியல." அவள் காலிக் கோப்பையை அவனிடம் நீட்டினாள். அவன் அதில் ஏதோ இருப்பது போல இரண்டு கைகளாலும் வாங்கி, மெதுவாகக் குடித்தான்.

"நல்லா இருக்கு," என்றான்.

"உன் பேர் என்ன?"

அவன் சிரித்தான். பதில் சொல்லாமல் சுவரைப் பார்த்தான். அவளும் பார்த்தாள். சுருட்டி எடுத்துப் போய்விட்ட கடல் அங்கேயே இருப்பது போலப் பார்த்தார்கள்.

விளக்கு பிடிப்பவர் ஏணியில் பாதியில் நின்றிருந்தார். மெல்வின் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து விடாமல் வைத்திருந்த முகமூடியின் அலகு வெர்னாவின் கக்கத்தில் குத்தியது. அவளுக்கு அது உறைக்கவில்லை. ஆயுளில் முதல் முறையாக, ஒரு காட்சியைப் பார்க்கும்போது அது யாருடையது என்று அவள் யோசிக்கவில்லை.

டெவ்லினின் மடியிலிருந்து செய்தித்தாள் நழுவி விழுந்தது. அவர் 'அருமை' என்று சொல்லவில்லை. அந்த வாரத்தில் ஒருமுறையும் சொல்லாத ஒன்றைச் சொன்னார்.

"இன்னொரு தடவை."

ஒப்பனைப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். வேட் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மெல்வின் மெதுவாக வெர்னாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"இதுல எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை," என்றார்.

"எனக்கும்," என்றாள் வெர்னா.

"நான் உங்களைத் தப்பா நினைச்சுட்டேன்."

"நானும். பூக்காரனைக்கூட."

அவர் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனார். வெர்னா நின்ற இடத்திலேயே நின்று, இருட்டில் ஓடும் பெயர்களை மனதில் பார்த்தாள். இந்தக் காட்சிக்குப் பிறகு தியேட்டரில் யாரும் உடனே எழுந்திருக்க மாட்டார்கள். பர்பாங்க்கில் மட்டுமல்ல, எங்கேயும். எல்லோரும் உட்கார்ந்திருப்பார்கள். அவள் பெயர் தனியாக மேலே ஏறும். டுவைட்டின் கை தட்டுவதற்காக எழும்.

யாரோ அவள் முழங்கையைத் தொட்டார்கள். கிராசியேலா. வாயில் விதை இல்லை. கண் சிவந்திருந்தது. டெவ்லின் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இடுப்புப் பையிலிருந்து உறை பிரிக்காத ஒரு சிறிய கார்டை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக் காட்டினாள்.

"உங்க ரெண்டு பேருக்கு மட்டும் சொல்ல வேண்டாம்னு ரெண்டு கம்பெனியும் சொல்லிட்டாங்க தாயே, உரிமை கையை விட்டுப் போகாம இருக்கப் படப்பிடிப்பு நடந்தாப் போதும், படம் வேண்டாம்னு முதல் நாள்ல இருந்தே இந்தக் கேமராவுல கார்டு கிடையாது, ஆனா கேமராவுக்குள்ள எது போகணும்னாலும் நீங்கதானே சம்மதிக்கணும், இந்த ஒரு தடவை மட்டும் போட்டுக்கட்டுமா?"